அவசரமில்லாத வேலைக்கும் ஒரு கெடு உண்டு

வானொலிக்காரர்களுக்கு மௌனம் ஆகாது. பாட்டு போய்க்கொண்டிருக்கும்போது மூன்று விநாடி சத்தம் நின்றால்கூட, "என்ன ஆச்சு, ரேடியோ கெட்டுப்போச்சா?" என்று வாட்ஸ்அப்பில் குரல் செய்திகள் வந்து விழும். காலை ஏழு மணிக்குச் சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டு கேட்பவருக்கு அந்த மூன்று விநாடி மிக நீளம்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் ஒலிப்பதிவு நிலையத்தில் அப்படி ஒரு காலை வந்தது. பாட்டு திக்கியது. விளம்பரம் பாதியில் நின்று மறுபடி ஓடியது. நான் மைக்கைத் திறந்து வாய்க்கு வந்ததைப் பேசிச் சமாளித்தேன். பிறகுதான் காரணம் தெரிந்தது. எங்கள் பாடல்கள், பேட்டிகள், நாடகங்கள் எல்லாம் ஆறு கணினிகளில் பரவிக் கிடந்தன. முதல்நாள் இரவு ஏழாவதாக ஒரு கணினியைச் சேர்த்திருந்தார்கள். பழைய ஆறும் தங்களிடம் இருந்ததைப் புதியதோடு பங்கு போடத் தொடங்கிவிட்டன. அந்தப் பங்கு போடும் வேலை, நான் ஒலிபரப்ப வேண்டிய பாட்டுக்கு வழிவிடவில்லை.

அங்கிருந்த தொழில்நுட்ப அண்ணன் அன்று மதியமே ஓர் அளவு வைத்தார். பின்னணியில் நடக்கும் எல்லா வேலையும் சேர்ந்து விநாடிக்கு 2 மெகாபைட்டுக்கு மேல் நகர்த்தக் கூடாது. "தங்கச்சி, இனிமே உங்க பாட்டு திக்காது. பின்னாடி ஓடுற வேலைக்கெல்லாம் கடிவாளம் போட்டாச்சு," என்றார். "நன்றி அண்ணே," என்று நானும் சொன்னேன். மறுநாள் பாட்டு திக்கவில்லை. அதற்கடுத்த நாளும் திக்கவில்லை. கடிவாளத்தை எல்லாரும் மறந்துபோனோம்.

எட்டு மாதம் கழித்து ஒரு கணினி செத்துப்போனது. பதற்றப்பட ஒன்றுமில்லை என்றார்கள். ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டு பிரதி உண்டு. ஒன்று போனால், மிஞ்சிய பிரதியைப் பார்த்து இன்னொன்றை அமைப்பு தானாகவே எழுதிக்கொள்ளும். உண்மைதான், எழுதிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் விநாடிக்கு 2 மெகாபைட். எழுத வேண்டியது ஏறக்குறைய 3 டெராபைட். வகுத்துப் பாருங்கள், 17 நாளுக்கு மேல் ஆகும். அந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. பதினோராவது நாள் இரண்டாவது கணினியின் டிஸ்க்கும் போய்விட்டது.

அதுவரை பிரதி எடுக்கப்படாமல், இந்த இரண்டு கணினிகளில் மட்டுமே இருந்தவை திரும்பி வரவில்லை. பாடல்கள் போனால் மறுபடி வாங்கலாம். போனவற்றில் தோட்டத்துப் பாட்டி ஒருவரின் பேட்டியும் இருந்தது. விடியற்காலைப் பெரட்டுக்குப் போனதையும், பால்மரம் சீவும்போது பெண்கள் பாடிய பாட்டுகளையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் என்னிடம் சொல்லியிருந்தார். பேட்டி எடுத்த அடுத்த ஆண்டு அவர் தவறிவிட்டார்.

இந்தக் கட்டுரை அந்தக் கடிவாளத்தைப் பற்றியது. யாரும் சோதித்துப் பார்க்காத ஓர் எண்ணைப் பற்றியது.

கண்ணில் படாத வேலைகள்

ஒரு கோப்பைத் துண்டு துண்டாக வெட்டிப் பல கணினிகளில் போட்டுவைத்து, வெளியே இருந்து பார்ப்பவருக்கு ஒரே அலமாரி போலக் காட்டுவதைப் பரவல் கோப்பு முறை என்கிறார்கள். நீங்கள் கைப்பேசியில் பார்க்கும் காணொளியும், வங்கிச் செயலியில் பார்க்கும் பழைய கணக்கும் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஏதோ ஓர் அலமாரியிலிருந்துதான் வருகின்றன.

இந்த அலமாரிக்கு இரண்டு வகை வேலை. முதல் வகை, யாரோ காத்திருக்கும் வேலை. பாட்டைத் திற, படத்தைக் காட்டு, பணம் கட்டிய ரசீதை எழுது. இரண்டாவது வகைக்கு யாரும் காத்திருப்பதில்லை. இழந்த பிரதியை மறுபடி எழுதுவது, ஒரு கணினி நிரம்பி வழியும்போது இன்னொன்றுக்கு மாற்றுவது, பழைய கோப்புகள் கெட்டுப்போகாமல் இருக்கின்றனவா என்று படித்துப் பார்ப்பது, அழித்தவற்றைக் கூட்டிப் பெருக்குவது. இவற்றைக் குறைந்த முன்னுரிமை வேலைகள் என்பார்கள்.

மாமாக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். மதியம் பன்னிரண்டரை மணி. வாசல் வரை வரிசை. பின்னால் தட்டு கழுவும் இடத்தில் மூன்று பேர். வாடிக்கையாளர் யாரும் தட்டு கழுவுவதைப் பார்க்க வருவதில்லை. அதனால் மூன்று பேரையும் முன்னால் அழைத்து ரொட்டி சானாய் பரிமாறச் சொன்னால், அரை மணி நேரம் கடை சிட்டாய்ப் பறக்கும். அதற்குப் பிறகு தட்டு இருக்காது. மாறாக, பரிமாறுபவர்களையும் சேர்த்துக் கழுவ அனுப்பினால் தட்டு பளபளக்கும். மேசையில் உட்கார்ந்தவர் எழுந்து போய்விடுவார். முதலாளியின் திறமை, கூட்டம் அதிகமாக இருக்கும்போதும் கழுவும் இடத்தில் எத்தனை பேர் நிற்க வேண்டும் என்று தெரிந்துவைத்திருப்பதில் இருக்கிறது. அதைக் கூட்டமில்லாத மாலை நான்கு மணிக்குக் கற்றுக்கொள்ள முடியாது.

வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தவர்கள்

இந்த எண்ணை எப்படிச் சோதிப்பது என்பதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு, 2003இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் இருக்கிறது. கூகலைச் சேர்ந்த சஞ்சய் கெமாவத், ஹாவர்ட் கோபியாஃப், ஷுன் டாக் லியங் ஆகிய மூவரும் தங்கள் நிறுவனத்தின் கோப்பு முறையை விளக்கி எழுதியது. கணினித் துறையில் இருப்பவர்கள் பலர் இதைப் படித்திருப்பார்கள். ஆனால் அதில் பின்பகுதியில் வரும் ஒரு சின்னப் பத்தியைப் பற்றி யாரும் அதிகம் பேசிக் கேட்டதில்லை.

அந்த அமைப்பில் ஒவ்வொரு கோப்பும் 64 மெகாபைட் துண்டுகளாக வெட்டப்பட்டு, பொதுவாக ஒவ்வொரு துண்டுக்கும் 3 பிரதிகள் வைக்கப்பட்டன. அவர்கள் சோதித்த தொகுப்பில் 227 சேமிப்புக் கணினிகள். அதில் ஒன்றை வேண்டுமென்றே நிறுத்தினார்கள். அதில் ஏறக்குறைய 15,000 துண்டுகள், 600 கிகாபைட் இருந்தன. இழந்த பிரதிகளை மறுபடி எழுதும் வேலை தொடங்கியது.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மற்ற வேலைகளைப் பாதிக்காமல் இருக்க இரண்டு கடிவாளம் போட்டிருந்தார்கள். ஒரே நேரத்தில் 91 பிரதி வேலைகளுக்கு மேல் நடக்கக் கூடாது. இது கணினிகளின் எண்ணிக்கையில் 40 விழுக்காடு. ஒவ்வொரு பிரதி வேலையும் விநாடிக்கு 6.25 மெகாபைட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. எல்லாத் துண்டுகளும் 23.2 நிமிடத்தில் சரியாகிவிட்டன. சராசரி வேகம் விநாடிக்கு 440 மெகாபைட்.

இந்த எண்களை நாமே கொஞ்சம் பெருக்கிப் பார்க்கலாம். 91ஐ 6.25ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 569. அதுதான் உச்சவரம்பு. உண்மையில் நடந்தது 440. அதாவது கடிவாளம் மீறப்படவில்லை. அதே சமயம் குதிரை நின்றும் போய்விடவில்லை. இந்த 600 கிகாபைட்டையும் ஒரே கணினி அதே 6.25 மெகாபைட் வேகத்தில் எழுதியிருந்தால் ஒரு நாளைக்கு மேல் ஆகியிருக்கும். ஆளுக்குக் கொஞ்சமாகப் பலர் சுமந்ததால் அரை மணி நேரத்துக்குள் முடிந்தது.

பிறகு அவர்கள் இன்னொரு சோதனை செய்தார்கள். என் மனசைத் தொட்டது இதுதான். இந்தமுறை இரண்டு கணினிகளை நிறுத்தினார்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 16,000 துண்டுகள், 660 கிகாபைட். இரண்டிலும் ஒருசேர இருந்து, இப்போது ஒரே ஒரு பிரதியோடு நின்ற துண்டுகள் 266. இன்னொரு கணினி போனால் இவற்றில் சில அடியோடு போய்விடலாம். அமைப்பு அந்த 266ஐ வரிசையின் முன்னால் கொண்டுவந்தது. 2 நிமிடத்துக்குள் அவை ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு பிரதி ஆகிவிட்டது. மற்றவை தங்கள் முறைக்குக் காத்திருந்தன.

அவசரமில்லாத வேலை என்று ஒதுக்கிவைத்த அதே வேலை, ஆபத்து நெருங்கியதும் அவசர வேலை ஆகிவிட்டது. மருத்துவமனை அவசரப் பிரிவில், வரிசை எண்ணைப் பார்க்காமல் ஆளைப் பார்த்து உள்ளே அழைப்பதுபோல. எங்கள் நிலையத்தில் இருந்தது ஒரே எண். பாட்டுப் பெட்டியை ஒழுங்குபடுத்தவும் 2 மெகாபைட். கடைசிப் பிரதியைக் காப்பாற்றவும் அதே 2 மெகாபைட்.

வந்தபடியே விட்ட எண்

பல இடங்களில் இந்த எண்ணை யாரும் யோசித்து வைப்பதே இல்லை. மென்பொருளோடு என்ன வந்ததோ, அதுவே இருக்கும்.

மேலே சொன்ன கூகல் கட்டுரையை வழிகாட்டியாகக் கொண்டு வளர்ந்த திறந்தமூல மென்பொருள் ஹடூப். அதன் பழைய பதிப்புகளில், நிரம்பிய கணினிகளிலிருந்து காலியான கணினிகளுக்குத் தரவை மாற்றும் வேலைக்கு, கணினிக்கு விநாடிக்கு 1 மெகாபைட் என்று அளவு வைத்திருந்தார்கள். ஜாக்கிரதையான எண். யாருக்கும் தொந்தரவு இல்லை. ஆனால் அந்த வேகத்தில் ஒரு கணினிக்கு 1 டெராபைட் போய்ச் சேர ஏறக்குறைய 12 நாள் ஆகும். பிந்தைய பதிப்புகளில் இந்த எண்ணை உயர்த்தினார்கள். அமைப்பை நிறுத்தாமலேயே எண்ணை மாற்றும் வசதியும் உண்டு. ஆனால் மாற்ற வேண்டும் என்று யாருக்காவது தோன்ற வேண்டுமே.

பெருநாள் காலத்தில் நெடுஞ்சாலையில் கனரக லோரிகளுக்குச் சில நாள் தடை விதிப்பார்கள், தெரியும்தானே? பாலேக் கம்போங் போகும் குடும்பங்களுக்கு வழி கிடைக்கட்டும் என்று. நல்ல ஏற்பாடு. ஆனால் அது சில நாள்தான். தடையை எடுக்க மறந்துவிட்டால் அடுத்த வாரம் கடையில் அரிசி இருக்காது.

சோதனை அறையில் ஓர் இரவு

அந்த இழப்புக்குப் பிறகு, அமைப்பைச் சரிசெய்ய வெளியிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். இருபத்தெட்டு வயசு இருக்கும். "நானும் கூட உட்காரலாமா?" என்று கேட்டேன். "தாராளமா உட்காருங்க அக்கா. ஆனா கொஞ்சம் போரடிக்கும்," என்றார். எனக்குப் போரடிக்கவில்லை.

முதலில் அவர் செய்தது, பொய்யாக ஒரு கூட்டத்தை உருவாக்கியது. நேரலை ஓடும் அமைப்பைத் தொடாமல், தனியாக வைத்த கணினிகளில், இருபது ஒலிபரப்பு அறைகள் ஒரே நேரத்தில் பாட்டு கேட்பதுபோல ஒரு நிரலை ஓடவிட்டார். பின்னணி வேலை எதுவும் இல்லாதபோது ஒரு கோப்பு திறக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொண்டார். சராசரியை அவர் நம்பவில்லை. நூறு கோரிக்கைகளில் ஆக மெதுவான ஒன்றைத்தான் பார்த்தார். "99 பாட்டு நல்லா ஓடி ஒண்ணு திக்கினா, நேயர் எதைப் பத்தி மெசேஜ் போடுவாரு அக்கா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியும்.

இரண்டாவதாக, கடிவாளமே இல்லாமல் ஒரு கணினியை நிறுத்தி, பிரதி எழுதும் வேலையை அவிழ்த்துவிட்டார். திரையில் கோடு மலைபோல் ஏறியது. அந்தத் திங்கள்கிழமைக் காலை எனக்கு நடந்தது அதுதான்.

மூன்றாவதாக, அளவை வைத்துவிட்டு, சொன்ன அளவுக்குள் உண்மையில் நிற்கிறதா என்று பார்த்தார். இங்கே ஒரு சூட்சுமம். பல கடிவாளங்கள் பயன்படுத்தாத பங்கைச் சேர்த்துவைக்கும் உண்டியல்போல வேலை செய்கின்றன. இரவெல்லாம் சும்மா இருந்துவிட்டு, காலையில் சேர்த்ததை ஒரே மூச்சில் செலவு செய்யும். ஒரு மணி நேரச் சராசரியில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். அந்த ஐந்து விநாடியில் பாட்டு திக்கும். அதனால் உண்டியல் எவ்வளவு பெரியது என்பதையும் பார்க்க வேண்டும்.

நான்காவதாக, மெகாபைட்டை மட்டும் எண்ணினால் போதாது என்பதைக் காட்டினார். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் சாதாரண டிஸ்க், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய சின்னக் கோப்புகளை விநாடிக்கு நூறு சொச்சம் முறைதான் தேடிப் படிக்க முடியும். கோப்புகள் மிகச் சிறியவையாக இருந்தால், விநாடிக்கு 1 மெகாபைட்கூட ஆகாத பின்னணி வேலை டிஸ்க்கை முழுக்கப் பிடித்துக்கொள்ளும். கடிவாளம் "எல்லாம் சரி" என்று சொல்லிக்கொண்டிருக்கும். எங்களிடம் இரண்டு விநாடி விளம்பர ஒலிகள் ஆயிரக்கணக்கில் இருந்தன.

ஐந்தாவதாக அவர் செய்ததுதான், எங்கள் அண்ணன் செய்யாமல் விட்டது. பொய்க் கூட்டத்தை உச்சத்துக்குக் கொண்டுபோய், அந்த நெருக்கடியிலும் பிரதி வேலை நகர்கிறதா, இல்லை பட்டினி கிடக்கிறதா என்று பார்த்தார். நகரும் வேகத்தைக் கொண்டு வகுத்து, முழுக்க முடிய எத்தனை மணி நேரம் ஆகும் என்று பலகையில் எழுதினார். பக்கத்தில் இன்னோர் எண்: இரண்டாவது கணினி கெடுவதற்குள் முடிந்தே ஆக வேண்டிய நேரம். முதல் எண் இரண்டாவதைவிடக் குறையும்வரை அவர் வீட்டுக்குப் போகவில்லை.

மேல் வரம்பு மட்டும் போதாது

இப்போது பல அமைப்புகள் ஒரே எண்ணை நம்பியிருப்பதில்லை. அஜய் குலாட்டி, ஆரிஃப் மெர்ச்சன்ட், பீட்டர் வர்மன் ஆகியோர் 2010இல் எம்க்ளாக் என்ற ஒரு முறையை வெளியிட்டார்கள். அதில் ஒவ்வொரு வகை வேலைக்கும் மூன்று எண்கள். என்ன நெருக்கடி வந்தாலும் கிடைத்தே தீர வேண்டிய குறைந்தபட்சப் பங்கு. எவ்வளவு காலியாக இருந்தாலும் தாண்டக் கூடாத உச்சவரம்பு. இடையில் மிஞ்சியதைப் பிரித்துக்கொள்ளும்போது யாருக்கு எத்தனை பங்கு என்ற விகிதம்.

கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் பல்கலைக்கழகத்தில் சேஜ் வைல் தம் முனைவர் பட்ட ஆய்வில் உருவாக்கிய செஃப் என்ற கோப்பு அமைப்பு இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. 2022இல் வந்த அதன் பதிப்பு, இந்த மூன்று எண் முறையையே இயல்பான ஏற்பாடாக எடுத்துக்கொண்டது. கோப்புகளை மேலோட்டமாக நாள்தோறும், ஆழமாக வாரத்துக்கு ஒருமுறை சரிபார்க்கும் வழக்கமும் செஃபில் உண்டு. அந்தச் சரிபார்ப்பு எந்த மணி முதல் எந்த மணி வரை நடக்கலாம் என்று நாமே சொல்லலாம்.

எங்கள் அண்ணன் வைத்தது உச்சவரம்பு மட்டும். குறைந்தபட்சம் எவ்வளவு என்று அவரும் யோசிக்கவில்லை. "நன்றி அண்ணே" என்ற நானும் கேட்கவில்லை. பாட்டு திக்காத வரை நான் சந்தோஷமாக இருந்தேன். அதனால் பழியை அவர் தலையில் மட்டும் போட எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் கையில் இருக்கும் அலமாரி

இதெல்லாம் பெரிய நிறுவனங்களின் பாடு என்று நினைக்க வேண்டாம். உங்கள் கைப்பேசியிலும் இதே கடிவாளம் உண்டு. படங்களை மேகக் கிடங்குக்கு அனுப்பும் வேலையை வைஃபை இருக்கும்போது மட்டும், சார்ஜில் இருக்கும்போது மட்டும் செய்யும்படி வைத்திருப்பீர்கள். டேட்டா மிச்சம், பேட்டரி மிச்சம். ஆனால் அம்மாவின் கைப்பேசி? வீட்டில் வைஃபை கடவுச்சொல்லை மாற்றியபின் அது மறுபடி இணைக்கப்பட்டதா? இல்லையென்றால் அந்த வேலை மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். எந்த எச்சரிக்கையும் கண்ணில் படாமல் போகலாம்.

இந்த வாரம் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வீட்டில் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் கடைசியாகப் பிரதி எடுத்த தேதி என்ன என்று பாருங்கள். பிறகு வேறொரு கருவியிலிருந்து ஒரு பழைய படத்தைத் திறந்து பாருங்கள். தேதி காட்டுவது ஒன்று, படம் திறப்பது வேறொன்று. அலுவலகத்தில் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு கேள்வி: உங்கள் அமைப்பில் ஒரு கணினி இன்று போனால், எல்லாவற்றுக்கும் மறுபடி முழுப் பிரதி ஆக எத்தனை மணி நேரம்? ஆள் குறைந்த ஞாயிறு இரவில் அல்ல, மாதக் கடைசியில் சம்பளம் போடும் நாளில். பதில் தெரியவில்லையென்றால், தெரிந்துகொள்ள நல்ல வழி, சோதனைக்கென்று வைத்த தொகுப்பில் ஒன்றை நீங்களே நிறுத்திப் பார்ப்பதுதான்.

பாட்டியின் பேட்டி போய்விட்டது என்று சொல்ல அவர் மகன் வீட்டுக்கு நேரில் போனேன். ஒரு பிரதி தருகிறேன் என்று முன்பே வாக்குக் கொடுத்து, "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று தள்ளிப்போட்டவள் நான்தான். அதுவும் அவசரமில்லாத வேலைதானே. அவர் தே ஓ கொண்டுவந்து வைத்தார். "பரவால்லம்மா. ரேடியோக்காரங்க வந்து கேட்டாங்கன்னு அம்மா கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்துச்சு," என்றார்.

இப்போது எடுக்கும் ஒவ்வொரு பேட்டியையும் அன்று மாலையே அந்தக் குடும்பத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். அவர்கள் திறந்து கேட்டார்களா என்று மறுநாள் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.